கட்சிக்குள் விளைந்த எதேச்சாதிகாரம்: ஐக்கிய தேசியக் கட்சியும் 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் தேர்தலும்

ஐக்கிய தேசியக் கட்சி (யூ.என்.பி.) 1946 செப்டெம்பரில் டி. எஸ். சேனநாயக்க தலைமையில் உருவானது. காணிச் சொந்தக்காரர், தோட்ட முதலாளிகள், வணிகர், சட்டத்தரணிகள் ஆகியோரே அதன் முதுகெலும்பு. சொத்துரிமை, மெதுவான மாற்றம், பிரித்தானிய வழிப் பாராளுமன்ற நடைமுறை ஆகிய மூன்றையும் காப்பது அதன் கொள்கையாகக் கருதப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் அதற்கு வேர் இருந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன் அ. மகாதேவா சேனநாயக்கவின் பக்கம் நின்றார். 1952இல் காங்கேசன்துறையில் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தைத் தோற்கடித்த சு. நடேசன் இக்கட்சியின் வேட்பாளர். 1965இல் டட்லி சேனநாயக்கவும் செல்வநாயகமும் உடன்படிக்கை செய்து, தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சராக அமர்ந்தபோது, யாழ்ப்பாணத்துப் படித்த வர்க்கம் யூ.என்.பி.யைத் தன்னோடு பேசக்கூடிய கட்சியாகவே கண்டது.

அதே கட்சி 1977க்கும் 1983க்கும் இடையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை இயற்றியது. எதிரணித் தலைவி ஒருவரின் குடியியல் உரிமையைப் பறித்தது. பொதுத் தேர்தலொன்றையே இல்லாமற் செய்தது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

இக்கேள்விக்கு யாழ்ப்பாணத்துக் கருத்தரங்குகளில் இரண்டு விடைகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. எல்லாம் ஜே. ஆர். ஜயவர்த்தன என்ற தனிமனிதரின் செயல், 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அவர் கைக்கருவி என்பது ஒன்று. சிங்களப் பேரினவாதத்துக்குக் கட்சி வேறுபாடு கிடையாது, ஆகவே ஒரு கட்சியின் உள்வாழ்க்கையை ஆராய்வதால் பயனில்லை என்பது மற்றொன்று. இரண்டும் போதா. எதேச்சாதிகாரத்தின் மீதான நாட்டம் கட்சியின் நடுவரிசையில், அதாவது தொகுதி அமைப்பாளர், தொழிற்சங்கத்தார், பின்வரிசை உறுப்பினர் ஆகியோரிடையே, பழக்கமாக வளர்ந்தது. அப்பழக்கம் தண்டனையின்றி நிலைபெற்ற இடம் யாழ்ப்பாண மாவட்டம். காலம் 1981 யூன். இதுவே இவ்வுரையின் வாதம்.

1. கட்சி மாறிய விதம்

சட்டசபையின் விருப்பு வெறுப்புக்குக் கட்டுப்படாத, மக்களால் நேரே தெரிவாகும் நிறைவேற்றுத் தலைவர் வேண்டும் என்ற கருத்தை ஜயவர்த்தன 1966 டிசெம்பரிலேயே ஒரு பகிரங்க உரையில் முன்வைத்தார். டட்லி சேனநாயக்க அதை ஏற்கவில்லை. டட்லி உயிரோடிருந்தவரை அக்கருத்து கட்சியின் கொள்கையாகவில்லை. 1973 ஏப்பிரலில் அவர் மறைந்தபின் கட்சி ஜயவர்த்தனவின் கைக்கு வந்தது. ஒரே மனிதர், ஒரே கருத்து. ஏழாண்டு இடைவெளியில் ஒரு காலத்தில் தடை இருந்தது, மறுகாலத்தில் இல்லை. தனிமனிதரை மட்டும் ஆராய்வோர் இந்தத் தடை எங்கே போயிற்று என்று கேட்பதில்லை.

1977 யூலைத் தேர்தலில் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளைப் பெற்று, 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. இவ்வெற்றியோடு கட்சியின் தொழிற்சங்கமான ஜாதிக சேவக சங்கமய, சிறில் மத்தியூவின் தலைமையில், அரச அலுவலகங்களிலும் கூட்டுத்தாபனங்களிலும் பரவியது. வேலை வேண்டுவோர் அதன் அங்கத்தவராயினர்; எதிர்ச் சங்கத்தாரை அடித்து விரட்டுவதும் அதன் வேலையாயிற்று. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் பங்குகொண்ட பல்லாயிரம் ஊழியர் வேலையிழந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. வடக்கில் 1979 யூலையிலேயே அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டு, ஆண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழிக்குமாறு பிரிகேடியர் வீரதுங்கவுக்கு எழுத்தில் பணிக்கப்பட்டிருந்தது.

2. 1981 யூன், யாழ்ப்பாண மாவட்டம்

மாவட்ட அபிவிருத்திச் சபைகள் 1980ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் அமைக்கப்பட்டவை. தமிழர் விடுதலைக் கூட்டணி, தனிநாடு கோரிய 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் பேரில் ஆணை பெற்றிருந்தும், இளைஞரின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு இச்சபைகளை ஏற்றது. சபைகளுக்கு அதிகாரம் குறைவு, பணம் அதைவிடக் குறைவு. இருந்தும் வாக்குச்சீட்டு வழியில் ஏதேனும் கிடைக்கும் என்று அப்போதும் நம்பியவர்களின் கடைசிப் பந்தயம் அதுவே. 1981 யூன் 4இல் நடந்த தேர்தலின் பெறுமதியை இந்த நோக்கிலேயே அளக்க வேண்டும்.

தேர்தலை ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணத்தில் தெரிவாக வேண்டியவர் பத்துப் பேர். விகிதாசார முறையில் நடந்த தேர்தலாதலால், சிறு வாக்குத் தொகையுடன் ஓர் ஆசனமேனும் கிடைக்கலாம் என்று ஐக்கிய தேசியக் கட்சி எண்ண இடமிருந்தது. அவ்வோர் ஆசனத்தின் மதிப்பு கொழும்பில் மிகப் பெரிது: யாழ்ப்பாணமும் கூட்டணிக்கு மட்டும் உரியதன்று என்று அதைக் காட்டலாம். கட்சியின் முதன்மை வேட்பாளர் முன்னாள் வட்டுக்கோட்டை உறுப்பினர் ஆ. தியாகராசா, பின்னாளில் எதிர்க்கட்சித் தலைவரான அமிர்தலிங்கத்தை 1970இல் தோற்கடித்தவர். மே மாதப் பிற்பகுதியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இக்கொலையைக் கூட்டணி மேடைகள் வளர்த்த துரோகிப் பட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஆயினும் அதன்பின் நடந்தவற்றுக்கு அது காரணமாகாது.

தேர்தலை மேற்பார்வையிட சிறில் மத்தியூ, காமினி திசாநாயக்க ஆகிய இரு அமைச்சர்கள் யாழ்ப்பாணம் வந்து தங்கினர். தெற்கிலிருந்து மேலதிகப் பொலிஸார் இறக்கப்பட்டனர். மே 31 மாலை நாச்சிமார் கோயிலடியில் கூட்டணியின் கூட்டம் நடந்துகொண்டிருக்கையில், கடமையிலிருந்த பொலிஸார்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இருவர் மாண்டனர், அவருள் ஒருவர் தமிழர். அன்றிரவும் தொடர்ந்த நாள்களிலும் பொலிஸார் நகரத்துள் புகுந்து கடைத்தெருவைக் கொளுத்தினர். யாழ்ப்பாணம் பாராளுமன்ற உறுப்பினர் வெ. யோகேஸ்வரனின் வீடு, கூட்டணியின் தலைமைச் செயலகம், ஈழநாடு பத்திரிகை அலுவலகம், பூபாலசிங்கம் புத்தகசாலை ஆகியன எரிந்தன. பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் அழிந்தது.

எரிந்தவற்றை இடங்களாக எண்ணுவதோடு நின்றுவிடாமல் அவற்றின் தொழிலையும் எண்ண வேண்டும். கட்சிச் செயலகம், உறுப்பினர் வீடு, நாளிதழ், புத்தகக்கடை, வாசிகசாலை. தேர்தல் வாரத்தில் ஓர் எதிர்க்கட்சி மக்களோடு பேசுவதற்கு வேண்டியவை இவை. பொலிஸாரின் வெறி என்று மட்டும் சொன்னால் இத்தெரிவு விளங்காது. இனப்பகை என்று மட்டும் சொன்னாலும் தேர்தலுக்கு முந்திய நாள்கள் ஏன் என்பது விளங்காது.

யூன் 4 விடியற்காலையில் அமிர்தலிங்கம் உள்ளிட்ட கூட்டணி உறுப்பினர் சிலர் பிடிக்கப்பட்டுச் சில மணி நேரம் தடுத்துவைக்கப்பட்டனர். வாக்களிப்பு நிலையங்களுக்கு முறைப்படி நியமிக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற தலைமைதாங்கும் அலுவலர் பலர் கடைசி நேரத்தில் நீக்கப்பட்டு, பயிற்சியில்லாத வேறு ஆட்கள் அனுப்பப்பட்டனர். வாக்களிப்பு முடிந்தபின் சில வாக்குப்பெட்டிகள் காணாமற் போயின. இலங்கையில் 1931 முதல் சர்வசன வாக்குரிமை நடைமுறையில் இருந்தது. அந்த ஐம்பதாண்டுகளில் தேர்தல் வன்செயலும் ஆள்மாறாட்டமும் உண்டு. ஆனால் அமைச்சர் தங்கியிருக்கும் ஊரில் அரச அலுவலரின் பட்டியலைப் புறந்தள்ளி ஆளுங்கட்சி தன் ஆட்களை நிலையத்தில் அமர்த்தியது புதிது.

இத்தனைக்குப் பிறகும் பத்து ஆசனங்களையும் கூட்டணியே வென்றது. தேர்தல் திருட்டு பலிக்காததால் அது மறக்கப்பட்டது. நூலகத்தின் சாம்பல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. நூலகம் எரிந்ததைப் பற்றி யாழ்ப்பாணம் கவிதை எழுதியது, நாடகம் போட்டது, ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தது. அந்தத் துயரம் நியாயமானது. ஆனால் வாக்குப்பெட்டிகளைப் பற்றி அதுபோல் எழுதப்படாமையால், 1981 யூன் ஒரு பண்பாட்டுப் படுகொலையாக மட்டுமே வரலாற்றில் ஏறியது. ஓர் ஆளுங்கட்சி தேர்தலைத் தன் சொத்தாகக் கருதத் தொடங்கிய வாரமாக அது பதியப்படவில்லை. இதனால் இழப்பு இருபுறமும். தெற்கின் வாசகருக்கு அது தமிழரின் துன்பக் கதையாகிவிட்டது. தம் வாக்குரிமைக்கு வந்த முதல் ஆபத்தாக அவர் அதைக் காணவில்லை. வடக்கின் ஆய்வாளருக்கோ தெற்கு முழுவதும் ஒரே நிறமாகிவிட்டது.

கட்சிக்குள் நடந்ததே இங்கு முடிவான சான்று. தீயிட்டவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. இரு அமைச்சரும் பதவியில் தொடர்ந்தனர். சிறில் மத்தியூ 1984 இறுதியில் நீக்கப்பட்டார். ஆனால் அது அரசின் அதிகாரப் பகிர்வு யோசனைகளைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக. தலைமையை மீறினால் தண்டிக்கக் கட்சிக்குத் தெரிந்திருந்தது, யாழ்ப்பாணத்துக்காகத் தண்டிக்கும் தேவை அதற்குத் தோன்றவில்லை. 1991இல் கட்சிக்குள் பிளவு வந்தபோதுதான் சனாதிபதி பிரேமதாச நூலக எரிப்புக்கான பழியைத் திசாநாயக்கவின் ஆட்கள்மீது பொதுமேடையில் சுமத்தினார். 2016 டிசெம்பரில் ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் தெரிவித்த வருத்தமும் நூலகத்தைப் பற்றியதே.

3. யூலை 1981 முதல் டிசெம்பர் 1982 வரை

அடுத்த மாதமே அரசாங்கத்தின் பின்வரிசையினர் எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கம்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தனர். எதிர்க்கட்சித் தலைவர் அரசின் நம்பிக்கையில் பதவி வகிப்பவரல்லர். பாராளுமன்ற மரபில் இப்பிரேரணைக்குப் பொருளே இல்லை. மன்னர் காலத்துக் கொடுந்தண்டனைகள் அவருக்குத் தகும் என்றும் விவாதத்தில் பேசப்பட்டது. ஆளுங்கட்சியில் செங்கடகல உறுப்பினர் ஷெல்டன் ரணராஜா மட்டுமே எதிர்த்து வாக்களித்தார். தலைவரின் கட்டளைக்கு அஞ்சி மௌனமாக இருந்தோரின் பேச்சாக அந்த விவாதம் ஒலிக்கவில்லை. நாட்டம் கீழிருந்தும் எழுந்தது என்பதற்கு ஹன்சார்ட்டின் அப்பக்கங்களே போதும்.

1982 ஒக்டோபர் சனாதிபதித் தேர்தலில் ஜயவர்த்தன ஏறத்தாழ 53 வீதம் பெற்று வென்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்கு மூன்றாமிடம். குமார் பொன்னம்பலம் முதலாமிடம், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ இரண்டாமிடம். அக்கட்சியின் ஆட்சியில் இறக்குமதித் தடை இருந்த காலத்தில் வெங்காயமும் மிளகாயும் விற்று நிமிர்ந்த குடாநாட்டுக் கமக்காரர் அக்காலத்தை மறக்கவில்லை என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. வென்ற கையோடு சனாதிபதி தம் கட்சி உறுப்பினரிடம் திகதியிடாத பதவி விலகற் கடிதங்களை வாங்கினார். பொதுத் தேர்தலுக்குப் பதிலாக, 1977ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தை 1989 வரை நீடிக்கும் நான்காம் திருத்தம் சர்வசன வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. டிசெம்பர் 22இல் நீடிப்புக்கு ஆதரவான விளக்குச் சின்னத்துக்கும் எதிரான குடச் சின்னத்துக்கும் இடையில் நாடு வாக்களித்தது. ஏறத்தாழ 55 வீதம் விளக்கு. யாழ்ப்பாணத்தில் 90 வீதத்துக்கு மேல் குடம். நிலையங்களில் மிரட்டலும் எதிரணி முகவரை விரட்டுதலும் இம்முறை தெற்கெங்கும் நடந்தன. எதிர்ப்புத் துண்டுப்பிரசுரங்களைப் பறித்த பொலிஸ் அதிகாரிமீது உயர் நீதிமன்றம் குற்றங்கண்டபோது, அரசாங்கம் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. 1983 யூனில் நீதியரசர் வீடுகளின் முன் காடையர் கூடினர்.

4. மறுப்புகள்

பாராளுமன்ற ஆயுளை நீட்டியவர் முதலில் சிறிமாவோ என்பது உண்மை. 1972 யாப்பின் வழி அவர் அரசு 1977 வரை இருந்தது. ஆனால் அடுத்து தேர்தல் வைத்துத் தோற்றது. இனவாதமே போதிய விளக்கம் என்ற மறுப்புக்கு, 1980இல் வேலையிழந்த பெரும்பான்மைச் சிங்கள ஊழியரே விடை. பழமைபேண் கட்சி அமைப்பில் வலுவாக இருந்தால் தீவிரவாதிகளை அடக்கும், வலுவிழந்தால் அவர்களிடம் சிக்கும் என்று அரசறிவியலாளர் டானியல் சிப்லட் தம் 2017ஆம் ஆண்டு நூலில் ஐரோப்பாவை வைத்து வாதிக்கிறார். 1928இல் தீவிரவாதியான ஹூகன்பேர்க்கின் தலைமைக்குள் சென்ற ஜேர்மன் தேசிய மக்கள் கட்சி அதற்குப் பொருந்தும். ஐக்கிய தேசியக் கட்சியோ 1977இல் வரலாறு காணாத வலுவோடு இருந்தது. அந்த வலுவின் இழையிலேயே தொழிற்சங்கத் தடியர் பின்னப்பட்டிருந்தனர் என்பது சிப்லட்டின் கொள்கைக்கு ஒரு திருத்தமாகலாம்.

5. இனிச் செய்யவேண்டியவை

1981இல் வாக்களிப்பு நிலையங்களில் எழுதுவினைஞராக இருந்தோரின் வாய்மொழி உடனடியாகப் பதியப்பட வேண்டும்; அவர்கள் முதுமையில் உள்ளனர். குடாநாட்டில் யூ.என்.பி. அமைப்பாளராக இருந்தோர் யார், எக்குலம், எத்தொழில், ஏன் சேர்ந்தனர் என்பது தனி ஆய்வுக்குரியது. ஜாதிக சேவக சங்கமயவின் வடபகுதிக் கிளைகளும் அவ்வாறே. தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஒரு பழமைபேண் சட்டத்தரணிகள் கட்சியே. 1975இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா கொல்லப்பட்டபோது அதன் முன்னோடியின் மேடைகள் காத்த மௌனமும், 2004இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு விடுதலைப் புலிகளை ஏகப் பிரதிநிதிகளாக ஏற்று மக்கள்முன் சென்றதும், இதே கேள்வியை யாழ்ப்பாணத்தின் சொந்தக் கட்சிகளிடம் கேட்கச் சொல்கின்றன. ஹன்சார்ட்டின் 1981 யூலைத் தொகுதி முழுமையாகத் தமிழில் வரவேண்டும். 1982 வாக்கெடுப்பின் தொகுதிவாரி முடிவுகளை 1981 முடிவுகளோடு ஒப்பிடும் அட்டவணையொன்று ஒரு முதுநிலை மாணவருக்குரிய வேலை.