ஒரு மாத்திரை, ஒரு படிகம், ஏழாண்டு வழக்கு



நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்று ஒரு நோய் உண்டு. நம் உடம்பில் 9-வது குரோமோசோமின் ஒரு துண்டும் 22-வது குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வருவது. முன்பெல்லாம் இந்த நோய் கண்டவர்களில் பலர் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். 2001-ல் அமெரிக்காவில் இமாட்டினிப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் வைத்து விழுங்குகிற சாதாரண மாத்திரைதான். ஆனால் நோயை அப்படியே கட்டிப்போட்டுவிடும். ஒருநாளும் விடாமல், வருடக்கணக்கில் போட வேண்டும்.

வருடக்கணக்கில் என்றதுமே கையிருப்பை நினைக்கத் தோன்றும். சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் விற்ற இந்த மாத்திரைக்கு இந்தியாவில் மாதம் சுமார் 1,20,000 ரூபாய். அதையே நம் நாட்டு நிறுவனங்கள் ஜெனரிக் மருந்தாகச் செய்து, மாதத்துக்குச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன.

அவர்களால் எப்படி முடிந்தது? நம்முடைய 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில், மருந்தைச் செய்யும் முறைக்குத்தான் காப்புரிமை, மருந்துக்கே கிடையாது. வேறொரு முறையில் செய்யத் தெரிந்தவர்கள் செய்து விற்கலாம். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005 முதல் அது மாறியது. மருந்துக்கே 20 ஆண்டுக் காப்புரிமை வந்தது. அப்போது நாடாளுமன்றம் ஒரு தடுப்பும் வைத்தது. பிரிவு 3(டி). ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளை உருமாற்றிக் கொண்டுவந்தால், அதன் பலன் கணிசமாகக் கூடியிருக்க வேண்டும். இல்லையேல் காப்புரிமை இல்லை.

நோவார்ட்டிஸ் 1998-லேயே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டிருந்தது. கேட்டது இமாட்டினிப்பின் உப்பு வடிவமான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிகத்துக்கு. கற்கண்டும் சீனியும் பார்வைக்கு வேறு, பொருள் ஒன்று. ஏறக்குறைய அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோதே, 2003-ல் அந்த நிறுவனத்துக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் சில ஜெனரிக் நிறுவனங்களுக்குத் தடை விதித்தது. காப்புரிமை வருவதற்கு முன்னாலேயே கதவு பாதி சாத்தியாகிவிட்டது. மாதம் பத்தாயிரம் புரட்டவே நகையை அடகு வைத்த குடும்பம், லட்சத்துக்கு எங்கே போகும்?

மும்பையிலுள்ள புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் எதிர்த்து மனுப் போட்டது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1, உச்ச நீதிமன்றம். புதிய படிகம் 30 சதவீதம் கூடுதலாக உடம்பில் சேர்கிறது என்றது நிறுவனம். மருந்துக்குப் பலன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன்தான்; கூடுதலாகச் சேர்வதால் மட்டும் கூடுதலாகக் குணமாகிறது என்று ஆகிவிடாது என்று சொல்லி, காப்புரிமையை மறுத்தார்கள் நீதிபதிகள்.

ஆராய்ச்சிக்குப் போட்ட பணத்தை எடுக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. புதிதாகக் கண்டுபிடித்தவருக்கு 20 ஆண்டு கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த 20 முடிகிற நேரத்தில் உப்பை மாற்றி, படிகத்தை மாற்றி, இன்னும் சில ஆண்டு கேட்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நோயாளிகள் பலருக்கு அந்த நிறுவனம் மருந்தை இலவசமாகக் கொடுத்ததும் உண்மை. ஆனால் ஒருவர் மனது வைத்தால் கிடைக்கும் மருந்தை நம்பி எத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்க முடியும்? மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற விலையில் அது இருக்க வேண்டும்.

3(டி) என்ற அந்தத் தடுப்பு இன்றும் வேலை செய்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு பெடாகுவிலின் என்ற மருந்து இருக்கிறது. அதைச் செய்யும் நிறுவனம் அதன் உப்பு வடிவத்துக்கு இன்னொரு காப்புரிமை கேட்டபோது, இரண்டு பெண்கள் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். ஒருவர் மும்பைக்காரர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய ஊசி மருந்தின் பக்கவிளைவால் இருவருக்குமே காது கேட்காமல் போயிருந்தது. 2023 மார்ச்சில் மும்பைக் காப்புரிமை அலுவலகம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஜூலையில் மூலக் காப்புரிமை முடிந்தது. அவர்கள் எதிர்க்காமல் இருந்து அந்தக் காப்புரிமையும் கிடைத்திருந்தால், மற்ற நிறுவனங்கள் 2027 வரை காத்திருந்திருக்கும்.