பச்சை என்னும் அடைமொழி

சென்னிமலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறவன் நான். 'பச்சை என்றால் என்ன?' என்று கேட்டால் வகுப்பே 'கிரீன்' என்கிறது. விளம்பரத்திலும் மேடையிலும் எதற்கெடுத்தாலும் 'பசுமை' என்று ஒட்டுகிற மோகம் வந்த பிறகு, அந்தச் சொல் மெலிந்தே போய்விட்டது.

பச்சை வெறும் நிறமில்லைங்க. எங்கள் அம்மிச்சி, பிள்ளை பெற்ற என் அக்காளிடம் சொன்னார்: "பச்சை ஒடம்புக்காரி கண்ணு, பச்சைத் தண்ணியில கைய வெக்காதே." இரண்டிலும் நிறம் எங்கே இருக்கிறது? காய்ச்சாத நீர் பச்சைத் தண்ணி. சுடாத மண் பச்சை மண். நெல்லை அவிக்காமல் குத்தினால் பச்சரிசி. மசாலாவைப் பச்சை வாசம் போகிற வரைக்கும் வதக்குகிறோம். நெருப்போ காலமோ இன்னும் பக்குவப்படுத்தாதது பச்சை. மறுபடியும் சொல்கிறேன், வெறும் நிறமில்லை.

இதன் இலக்கணத்துக்கு நான் பவணந்தி முனிவரிடம்தான் போவேன். பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்தை அவர் ஊர் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடுகிறோம். அவர் எழுதிய நன்னூலின் 136ஆம் நூற்பா ஒன்று போதும், அவர் காதுக்குச் சான்று. பச்சைக்குப் பண்புப்பெயர் பசுமை; அதோடு இலை சேர்கிறது. 'மை' போகிறது. முதல் எழுத்து நீண்டால் பாசிலை. நீளாமல் சகரம் இரட்டித்தால் பச்சிலை. அதே பசுமை, அதே இலை, இரண்டு ஓசை! கிளியோடு சேர்ந்தால் பைங்கிளி, தழையோடு சேர்ந்தால் பசுந்தழை. பாசிலை, பச்சிலை, பைங்கிளி, பசுந்தழை: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனப்பாடம் செய்ய வேண்டிய விதியாக இதை நடத்துகிறார்கள். எனக்கு இது சங்கீதம்.

இதேபோல் வேல்ஸ் நாட்டு மொழியிலும் 'கிளாஸ்' என்றொரு அடைமொழி உண்டு. வானத்துக்கு வந்தால் நீலம், புல்லுக்கு வந்தால் பச்சை. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவனுக்கும் அதே அடைமொழிதான்; நம் பச்சைப் பிள்ளையைப் போல. அங்கே அது பொதுவாகப் பெயருக்குப் பின்னால் வரும். பெண்பால் ஒருமைப் பெயரை அடுத்து வந்தால் முதல் ஒலி கெட்டு 'லாஸ்' ஆகும். அவர்களுக்குச் சொல்லின் தலை தேய்கிறது, நமக்கு வால்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நூற்பாவை நடத்துவதற்கு முந்தின நாள், வீட்டுப் பெரியவர்கள் எதையெல்லாம் பச்சை என்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். நூற்பாவை அதற்குப் பிறகு திறக்கலாம்.