கழுத்துக் கட்டியை மறைக்காதீங்க

(இலத்தூர் குழுக் கூட்டத்தில் கூட்டமைப்பு சார்பில் பேசியது)



சேமிப்பு, கடன் கணக்கு எல்லாம் முடிஞ்சாச்சு. வீட்டுக்குக் கிளம்பும் முன்னே பத்து நிமிஷம் கேளுங்க.

நம்ம உறுப்பினர் அக்கா ஒருத்தர், பீடிச் சுளகை மடியில் வைத்து நாளெல்லாம் குனிந்தே இருப்பவர். கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. ஒரு வருஷம் முந்தானையால் மூடியே ஓட்டிவிட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், 'குடும்பத்து வியாதி'ன்னு பேச்சு வந்துடுமேன்னு பயம். நாங்கள் மூன்று பேர் போய்ப் பேசித்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அக்கா சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். பேர் மட்டும் வேண்டாம் என்றார்.

கழுத்துக் கட்டியில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. இதை முதலில் மனசில் வாங்கிக்கோங்க. ஆனால் தைராய்டு புற்றுநோயில் 'மெடுல்லரி' என்று அபூர்வமான ஒரு வகை உண்டு. அது வந்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்குக் குடும்ப வழியாக வருகிறது. 'ரெட்' என்ற மரபணுவில் உள்ள பிழையே காரணம் என்று 1993-ல் கண்டுபிடித்தார்கள். பெற்றவரில் ஒருவருக்குப் பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. அப்பா வழியிலும் வரும். எதற்கெடுத்தாலும் மருமகளின் பிறந்த வீட்டைக் குறை சொல்கிறோமே, அது இங்கே செல்லாது.

"பரவிட்டுதா? பிழைப்பேனா?" என்றுதான் அக்கா டாக்டரிடம் கேட்டார். இந்தக் கட்டி 'கால்சிடோனின்' என்ற சுரப்பை ரத்தத்தில் விடும். அதன் அளவு கூடக்கூட நோய் பரவியிருக்கும் வாய்ப்பும் கூடும். ஆபரேஷனுக்குப் பிறகும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். 6 மாதத்துக்குள் அளவு இரட்டிப்பானால் ஆபத்து அதிகம். இரட்டிப்பாக 2 வருஷத்துக்கு மேல் ஆனால் நோய் மெதுவாகத்தான் நகர்கிறது, பல வருஷம் வாழலாம். வட்டி ஏறுகிற வேகத்தைப் பார்த்து கடனை எடை போடுவோமே, அது மாதிரி.

கட்டி தைராய்டுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் 10 வருஷம் தாண்டுகிறார்கள். நுரையீரல், ஈரல், எலும்புக்குப் போன பிறகு என்றால் பாதிப்பேர்கூடத் தாண்டுவதில்லை. அக்கா விஷயத்தில் கழுத்து நெறிக்கட்டி வரைக்கும் வந்து நின்றிருந்தது.

இன்னொன்று. இதே குடும்பங்களில் சிலருக்கு, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வரும். திடீர் திடீரென்று தலைவலி, படபடப்பு, வியர்வை, ரத்தக் கொதிப்பு வரும். அதை முதலில் கவனிக்காமல் கழுத்தில் ஆபரேஷன் செய்தால் உயிருக்கே ஆபத்து. பிரசவ நேரத்திலும் அப்படித்தான்.

பிழை மரபணுவில் எந்த இடத்தில் என்பதைப் பார்த்து, சில குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள்ளேயே, சிலருக்கு 5 வயதுக்குள் தைராய்டை எடுத்துவிடச் சொல்வார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நம் நாட்டுக் குடும்பங்களிலும் இந்தப் பிழையைக் கண்டு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

அக்காவுக்கு அந்தப் பிழை இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தோம். கல்யாணம் நின்றுவிடும் என்று யாரை நினைத்து மறைத்தாரோ, அந்த மகளுக்கு இல்லை. 11 வயசு மகனுக்கு இருந்தது. கழுத்தைத் தொட்டால் ஒன்றுமே தெரியாது. இப்போ ஆபரேஷன் முடிஞ்சு, தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான்.

அக்காவின் தங்கை செங்கோட்டையில் இருக்கிறார். இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை நாங்கள் போகிறோம். கூட வர முடிந்தவர்கள் பேர் சொல்லுங்க.