தூரதேசத்துப் பிள்ளைகளோடு பேசுவதற்கான காமிராவும் மைக்கும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். கல்வி நிதியைப் பற்றியும் கலியாண மண்டபத்தைப் பற்றியும் பேசவேண்டிய இம்மேடையில், கடையில் விற்கும் இரண்டு சிறு கருவிகளைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். ஆயினும், ஒரு பிள்ளையேனும் சிங்கப்பூரிலோ மெல்போர்னிலோ நியூஜெர்ஸியிலோ வாழாத குடும்பம் நம்மவருள் இப்பொழுது குறைவு. அப்பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே எஞ்சியிருப்பது வாரத்துக்கு ஒருமுறை திரையின் வாயிலாக நிகழும் அரைமணி நேரப் பேச்சேயாகும். அவ்வரைமணியும் "கேட்கிறதா, கேட்கிறதா" என்பதிலேயே கழியுமாயின், அதனை அற்ப விஷயமென்று நாம் தள்ளிவிட இயலாது.

பல வீடுகளில் நிகழ்வதொன்றை முதலிற் கூறுவோம். அழைப்பு வந்தவுடன் வீட்டிலுள்ள முதியவரைத் திரைக்கு எதிரே உட்கார வைக்கிறார்கள். அவர் பேரனைக் கண்டு முகம் மலர்கிறார், சௌக்கியமா என்று விசாரிக்கிறார், பிறகு மௌனமாகிவிடுகிறார். தாத்தாவுக்கு முன்போல் நம்மிடம் பற்றில்லை என்று அயல்நாட்டிலிருப்போர் எண்ணுகின்றனர். நினைவு தடுமாறுகிறதோ என்று உள்ளூரிலிருப்போர் ஐயுறுகின்றனர். உண்மை யாதெனில், அவருக்குப் பாதிச் சொற்கள் விளங்கவில்லை. மூன்று முறை "என்ன?" என்று கேட்டவர், நான்காம் முறை கேட்க நாணித் தலையை மட்டும் அசைக்கின்றார். இவ்வாறு ஒரு குடும்பத்தின் பேச்சு மெல்ல மெல்ல அற்றுப்போவதற்கு மூலகாரணம் பெரும்பாலும் ஒரு கெட்ட மைக்காக இருக்கின்றது. அன்புக் குறைவென்று அதனைத் தவறாகக் கொண்டு இருதிறத்தாரும் வருந்துவது பரிதாபமன்றோ?

இதன் காரணத்தைச் சற்று விரித்துரைப்போம். கடை, தடை, படை, வடை என்னும் நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றை வேறுபடுத்துவது முதலெழுத்திலுள்ள மெய்யொலி ஒன்றே. உயிரொலிகள் உரத்தவை, நீண்டவை. தாழ்ந்த சுருதியில் நிற்பவை. மெய்களோ நொடியில் ஒரு சிறு பங்கே ஒலிப்பவை. அவற்றுள் பலவற்றின் அடையாளம் உயர்ந்த சுருதியில் உள்ளது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கொண்டுசென்றது. இக்காலத்து இணைய அழைப்புகள் அதைவிட அகன்ற எல்லையைக் கொண்டுசெல்ல வல்லவை. ஆனால் முதுமையில் செவி முதலில் இழப்பது அவ்வுயர்ந்த சுருதியைத்தான். ஆகவே முதியவருக்குக் குரல் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. "சத்தமாகப் பேசு" என்பது இதற்குப் பரிகாரமன்று. கத்துங்கால் உயிரெழுத்தே மிகுதியும் பெருத்து, மெய்யெழுத்து அதனுள் அமிழ்ந்து போகும்.

மற்றொரு பக்கமும் உண்டு. அயல்நாட்டில் பிறந்த நம் பேரக் குழந்தைகள் பலருக்குத் தமிழ் காதில் விழுவது பாட்டியின் வாயிலாக மட்டுமே. ல, ள, ழ என்னும் மூன்றின் பேதமும், ர, ற என்பவற்றின் பேதமும் அக்குழந்தைக்குத் தெளிவாகக் கேட்டாலல்லவா அதன் நாவில் வரும்? கேளாத ஒலியைப் பேசும் குழந்தை உலகத்தில் இல்லை.

ஆதலால், வாங்கப் புகுவோர் மைக்கை முதலிலும் காமிராவைப் பிறகும் கருதவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். கடைக்காரரோ இதற்கு நேர்மாறாகவே காட்டுவார். காமிராவின் பெட்டிமேல் பெரிய எண் அச்சிட்டிருக்கும். மைக்கைப் பற்றிய செய்தி கடைசி வரியில் இருக்கும்.

மைக் விஷயத்தில் விலையைவிட முக்கியமானது வாய்க்கும் மைக்குக்கும் இடையேயுள்ள தூரம். தூரம் இரட்டித்தால் நேரே வந்து சேரும் குரலின் செறிவு நாலிலொரு பங்காகும். வாயிலிருந்து அரையடியில் இருந்த மைக்கை நான்கடிக்கு நகர்த்தினால் தூரம் எட்டு மடங்கு. செறிவோ 64-இல் ஒரு பங்கு. ஆனால் மேலே சுழலும் மின்விசிறியின் இரைச்சலும், அடுக்களையில் குக்கர் ஊதும் ஊதலும் குறைவதில்லை. கம்ப்யூட்டர் குரலை உயர்த்த முயலும்பொழுது விசிறியையும் உடன் உயர்த்திவிடுகிறது. போதாக்குறைக்கு நம் கூடங்களில் தரையெல்லாம் மொசைக் அல்லது டைல்ஸ். சுவர் வெறுஞ் சுவர். ஒவ்வொரு சொல்லும் நான்கு பக்கமும் மோதித் தன் நிழலையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்கின்றது. கதவுக்குத் திரையிட்டுத் தரையில் ஒரு ஜமக்காளம் விரிப்பது, ஐயாயிரம் ரூபாய் மைக்குக்கு ஓரளவு சமானமாகும். ஜமக்காளம் ஏற்கெனவே வீட்டிலிருக்கிறது.

ஒருவர் தனித்துப் பேசுவதற்கு ஹெட்செட் என்னும் தலையணிக் கருவியைவிட நல்லது வேறில்லை. அதில் மைக் வாயோரத்திலேயே நிற்கிறது, எதிரொலியும் எழாது. வாங்கும்பொழுது அதன் முனையைக் கவனிக்கவேண்டும். கைப்பேசிக்கென்று செய்த ஹெட்செட்டின் ஒற்றை முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். பழைய மேஜைக் கம்ப்யூட்டரிலோ மைக்குக்கு இளஞ்சிவப்பும் ஒலிக்குப் பச்சையுமாக இரண்டு துளைகள். இதை அதிற் செருகினால் காது கேட்கும், வாய் பேசாது. கருவி பழுதென்று கடைக்காரரோடு சண்டையிடாமல், இரண்டாகப் பிரிக்கும் சிறு இணைப்பு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம், அல்லது யு.எஸ்.பி. முனையுள்ளதையே முதலில் வாங்கிவிடலாம். கம்பியில்லாத புளூடூத் கருவிகள் பார்வைக்கு அழகியவை. ஆனால் அவற்றுட் பல, பாட்டு மட்டும் கேட்கும்பொழுது இனிமையாக ஒலித்து, மைக்கும் வேலைசெய்யத் தொடங்கியவுடன் குறுகிய ஒலிக்கு மாறிவிடும் இயல்புடையவை. முதியோர் செவிக்கு இது பெருங்குறை. கம்பியுள்ளதே நம் சிபாரிசு.

கொண்டையிட்ட பாட்டிமார் தலையில் எதையும் மாட்டிக்கொள்ளச் சம்மதிப்பதில்லை. செவித்துணைக் கருவி அணிந்தவர்களுக்கு அதன்மேல் ஹெட்செட்டை அழுத்தினால் சீழ்க்கை எழுவதுமுண்டு. இத்தகையோருக்கும், நாலைந்து பேர் சேர்ந்து பேசும் குடும்பத்துக்கும், ஸ்பீக்கரும் மைக்கும் ஒன்றாயமைந்த வட்டமான கருவி தக்கது. எப்பக்கத்துக் குரலையும் ஏற்று, தன் ஸ்பீக்கரில் எழும் ஒலியைத் தானே விலக்கிக்கொள்ளும் திறன் அதற்குண்டு. அதனை மேஜை நடுவில் வைத்து, எல்லோரும் கைக்கெட்டும் தூரத்தில் சூழ்ந்திருக்கவேண்டும். ஊஞ்சலிலிருந்து பேசுவேன் என்றால் அதுவும் என் செய்யும்? இனி, பாடகர்கள் அறையில் தொங்கும் பெரிய மைக்கைப் போன்றதை வாலிபர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அது நுண்ணியது, தெருவில் போகும் ஸ்கூட்டரையும் விடாமல் கேட்கும். சந்தடியுள்ள கூடத்துக்கு அது ஏற்றதன்று.

எதிரொலியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் குரலே நமக்குத் திரும்பிக் கேட்குமாயின், நம் கருவியில் குற்றமென்று அதை முறுக்கியும் திருகியும் பார்க்கிறோம். குற்றம் பெரும்பாலும் மறுமுனையில் உள்ளது. அங்கே ஸ்பீக்கரில் எழுந்த நம் குரல் அவர்கள் மைக்கில் நுழைந்து திரும்புகிறது. ஸ்பீக்கரைத் தணிக்கும்படியோ ஹெட்செட் அணியும்படியோ அவர்களைத்தான் கேட்டுக்கொள்ளவேண்டும். இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லும்பொழுது சற்றுப் பக்குவமாகச் சொல்லுதல் நலம்.

இனிக் காமிரா. இவ்வகைக் காமிராக்களுக்கெல்லாம் முன்னோடி 1991-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஒரு காப்பிப் பாத்திரத்துக்கு எதிரே வைக்கப்பட்டது. பாத்திரத்தில் காப்பி இருக்கிறதா என்பதை அங்கிருந்தோர் தங்கள் இருக்கையிலிருந்தே அறிந்துகொண்டனர். 2001-இல் அதனை நிறுத்திவிட்டனர். அக்காமிராவுக்கு மைக் தேவைப்படவில்லை. காப்பிப் பாத்திரம் பேசாது. நம் பாட்டிமார் அப்படியல்லர்.

எனினும் படத்தை நாம் இகழவில்லை. 1954-இல் அமெரிக்காவில் ஸம்பி, போலக் என்னும் இருவர், இரைச்சலுக்கிடையே பேசுவோர் முகத்தையும் காண்கிறவர், குரலை மட்டும் கேட்பவரைவிட மிகுதியான சொற்களை அறிந்துகொள்கிறார் என்று சோதித்துக் காட்டினர். உதட்டசைவு செவிக்குத் துணை. ஆகவே காமிராவிடம் நாம் வேண்டுவது, வாயும் கண்ணும் தெளிவாகத் தெரிவதேயன்றிச் சுவரிலுள்ள படங்களின் சட்டம் தெரிவதன்று. 720 வரிகளுள்ள படமே ஒரு முகத்துக்குப் போதும். 1,080 வரிகள் தாராளம். 4கே என்று கூறி மிகுந்த விலை கேட்பதை வாங்கவேண்டியதில்லை. சாதாரணக் குடும்ப அழைப்பில் அவ்வளவு நுட்பம் மறுமுனைக்குப் போய்ச் சேருவதேயில்லை.

காமிரா எத்தனை அகலம் பார்க்கும் என்பதைக் கேட்டு வாங்கவேண்டும். உதாரணமாக, லாஜிடெக் கம்பெனியின் சி270 என்னும் மலிவான காமிரா 55 பாகையளவே பார்க்கும். ஒருவர் முகத்துக்கு அது பொருந்தும். அக்கம்பெனியின் சி920 78 பாகை பார்க்கும். மூவர் நெருங்கி உட்காரலாம். அதற்கு மேல் அகன்றால் கூடமெல்லாம் தெரியும், முகம் சுண்டைக்காயாகிவிடும். மேலும், புதிய கைப்பேசியும் கம்ப்யூட்டரும் உடையோர் வேறு காமிரா வாங்கவே வேண்டாம். 2022 முதல் ஆப்பிள் கம்ப்யூட்டர்களிலும், 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல் அதற்கு இடந்தரும் கைப்பேசிகளிலும், கைப்பேசியையே வெப் காமிராவாக உபயோகிக்க வழி ஏற்பட்டுள்ளது. அதைத் தாங்கி நிற்க ஒரு சிறு ஸ்டாண்டு போதும். அச்செலவை மைக்குக்குத் திருப்பலாம்.

எவ்வளவு உயர்ந்த காமிராவும் வெளிச்சத்துக்கு அடிமை. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கரியாகும். ஜன்னலை நோக்கி உட்கார்ந்தால் அதே காமிரா அழகாய்க் காட்டும். நியூஜெர்ஸியில் இரவு எட்டு மணியாகும்பொழுது நமக்குக் கோடையில் காலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. அவ்வேளையில் ஜன்னலால் பயன் குறைவு. தலைக்கு மேலுள்ள குழல்விளக்கு கண்களைக் குழியாக்கும். ஆதலின் மேஜை விளக்கொன்றைத் திரைக்குப் பின்னே வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள். படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் உருண்டால் காமிரா பழுதென்று எண்ணவேண்டாம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அமெரிக்காவினது 60. அங்கிருந்து பிள்ளை கொண்டுவந்த காமிரா 60-க்கு அமைந்திருக்கக்கூடும். அமைப்பில் அதனை 50 ஆக மாற்றினால் பட்டைகள் பெரும்பாலும் மறையும். காமிரா கண்ணுக்கு நேரான உயரத்தில் நிற்கவேண்டும். லாப்டாப்பை மடியில் வைத்துப் பேசுவோரின் மூக்குத் துளையை மட்டுமே பேரர்கள் பல வருஷங்களாகத் தரிசித்து வருகிறார்கள்.

இணைப்பைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. இணைய வேகத்தைக் கேட்கும்பொழுது இறங்கும் வேகத்தோடு ஏறும் வேகத்தையும் கேளுங்கள். நம் முகத்தையும் குரலையும் கொண்டுசெல்வது பின்னதே. வேகம் தளர்ந்த நாளில் படத்தை நிறுத்திக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். குரலுக்கு வேண்டிய இடம் படத்துக்கு வேண்டியதில் ஒரு சிறு பங்குதான். காமிராவின் கண்ணுக்கு மூடியிருப்பதையே வாங்குங்கள். பேச்சு முடிந்ததும் மூடிவிடுங்கள். பெண்டிர் நடமாடும் கூடத்தில் அது எந்நேரமும் திறந்திருத்தல் தகாது. மூடியில்லாவிட்டால் ஒரு துண்டு கறுப்பு ஒட்டுத்தாளும் அவ்வேலையைச் செய்யும்.

வாங்கியதைச் சோதிப்பது எளிது. ஒருவர் மைக்கின்முன் சாதாரணக் குரலில் கடை, வடை, தடை, படை என்று முறைமாற்றிக் கூறட்டும். விசிறி சுழன்றுகொண்டே இருக்கட்டும். மறுமுனையிலுள்ளவர் கேட்டதைக் கேட்டபடி எழுதட்டும். பத்துச் சொல்லில் ஒன்பது சரியானால் கருவி நல்லது. ஐந்தாறு தவறினால், கடைக்குத் திரும்பக் கொண்டுபோகுமுன் மைக்கை வாயருகே நகர்த்தி மறுபடியும் சோதிக்கவேண்டும். இச்சோதனையில் வீட்டுப் பெரியவரையே எழுதுபவராக வைத்துக்கொள்ளுங்கள். வாலிபர் செவிக்கு எல்லாம் விளங்கும். அதனால் ஒன்றும் தெரியவராது.

இம்மேஜைமேல் ஒரு ஹெட்செட்டும் ஒரு வட்டக் கருவியும் வைத்திருக்கின்றோம். கூட்டம் முடிந்தபின் காரியதரிசியின் அறையிலுள்ள கம்ப்யூட்டரில் இவற்றை மாட்டிவைப்போம். செவி மந்தமான பெரியவர்களை அழைத்து வந்துள்ளோர் அவர்களை அங்கே உட்கார வைத்து, எது அவர்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதென்று பார்த்துவிட்டுப் போகலாம்.