பழைய சேலையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

(தோட்ட மாதர் குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

இஸ்தோப்பில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரர்களே, வெளியே நிற்காமல் உள்ளே வந்து உட்காருங்கள். துணியைப் பற்றிய பேச்சு என்றால் பொம்பளைகள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். கிழிந்த சாரமும் துணிதான்.

பழந்துணியை வீணாக்காமல் பாவிப்பது எப்படி என்று யாரும் நமக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு சேலை நம் காம்பராவில் எத்தனை பிறவி எடுக்கும்? திருவிழாவுக்குக் கட்டினோம். பிறகு மலைக்குக் கட்டினோம். பிறகு பிள்ளைக்குத் தொட்டில், பிறகு நாலாக மடித்துத் தைத்த போர்வை. கடைசியில் சும்மாடும் கரித்துணியும். அம்மாயி காலத்திலிருந்து நடக்கிற காரியம் இது.

ஆனால் அம்மாயி காலத்துத் துணி வேறு, இன்றைய துணி வேறு. அன்று பெரும்பாலும் பருத்தி. இன்று சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் பாதிக்கு மேல் பொலியெஸ்டர், நைலோன். அது தண்ணீரை உறிஞ்சாது. அடுப்பிலிருந்து சட்டி இறக்கும்போது நெருப்புப் பட்டால் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கரித்துணி கிழிப்பதற்கு முன் ஒரு நூலை இழுத்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் கடதாசி எரிந்த வாசனையோடு சாம்பலாகும். மற்றது உருகி, கட்டியான சிறு மணியாக நிற்கும். உருகுகிற துணியைக் கால்மிதிக்கும் பைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கழிசானின் கால் பகுதியைத் தைத்தால் பிள்ளையின் புத்தகப் பை நல்ல உறுதியாக வரும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து அடிக்கப் போகிறவரின் சட்டையும் சாரமும் எவ்வளவு வெளுத்தாலும் சமையலறைக்கோ பிள்ளைக்கோ ஆகாது. மருந்து துணிக்குள் ஊறியிருக்கும். வீட்டுத் துணியோடு சேர்த்து அதைத் துவைக்கவும் கூடாது. உரப் பையும் அப்படித்தான். அரிசி கொட்டி வைக்கிறோம், பிள்ளையை அதன் மேல் படுக்க வைக்கிறோம். இன்றோடு அதை நிறுத்துங்கள்.

இனி, வெளிப்படையாகக் கதைக்காத விஷயத்துக்கு வருவோம். பாடசாலையில் வரவுப் பதிவேட்டைப் புரட்டினால் தரம் 9, 10 பெண்பிள்ளைகள் சிலர் மாதம் தவறாமல் இரண்டு மூன்று நாள் வராதது தெரிகிறது. காய்ச்சல் என்று கடிதம் வரும். காய்ச்சல் இல்லை என்று நமக்கும் தெரியும், தாய்க்கும் தெரியும். கடையில் பக்கட் வாங்கக் காசில்லை. வீட்டுத் துணியை வைத்துக்கொண்டு நடந்து வரப் பயம்.

துணி வைப்பதில் குற்றமில்லை. ஈரத்துணி வைப்பதுதான் ஆபத்து. வெட்கப்பட்டு மற்றத் துணிக்கு அடியில், கட்டிலுக்குப் பின்னால் ஒளித்துக் காயவைக்கிறோம். மழை மாதத்தில் அது காய்வதே இல்லை. அதையே திரும்ப வைத்தால் புண்ணும் அரிப்பும் வருகின்றன.

நல்ல பருத்தித் துணியில் இப்படிச் செய்யலாம். பத்து அங்குல நீளத்தில், இரண்டு பக்கமும் இறக்கை வைத்து, இரண்டு மடிப்பில் ஓர் உறை தையுங்கள். இறக்கைகளை உள்ளாடைக்குக் கீழே மடித்துப் பொருத்த ஒரு பொத்தான் வையுங்கள். உள்ளே வைக்கும் துண்டைத் தனியாக வெட்டுங்கள்; அதைத் தைத்து மூடாதீர்கள். மடித்து உறைக்குள் செருகினால் ஆறேழு மடிப்பு வரும். துவைக்கும்போது விரித்தால் ஒற்றைத் துணி. நம் ஊர் மூடுபனியில் காய்வதற்கு அதுதான் வழி, தடித்துத் தைத்தது நடுவில் காயாது. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவிடுங்கள், சுடுதண்ணீர் கறையைப் பிடிக்க வைத்துவிடும். பிறகு சவர்க்காரம் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

மாற்றுவது எங்கே? கேள்வி அங்கேதான் இருக்கிறது. கொழுந்து மலையில் மலசலகூடம் இல்லை. காலையில் பெரட்டுக்குப் போனால் மதியம் வரை தேயிலைக்கு நடுவில்தான். லயத்தில் பொதுப் பீலியில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருந்து துவைக்கிறோம். தையல் ஊசியால் இதைச் சரிசெய்ய முடியாது. மலையில் மலசலகூடம், லயத்துக்குத் தண்ணீர், மழைக்கும் துணி காயக் கூரை போட்ட ஓரிடம் ஆகிய மூன்றையும் கேட்டு, தோட்டக் கமிட்டி மூலம் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். ஆண் தலைவர்களும் அதில் கையொப்பமிட்டார்கள். முதலில் கொஞ்சம் நெளிந்தார்கள், அது வேறு கதை.

படங்கு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். இடுப்பில் கட்டும் படங்கு கிழிந்தால் நம் காசில் வாங்குகிறோம், அல்லது பழைய துணியை இரட்டையாகத் தைத்துச் சமாளிக்கிறோம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. நிறை குறைந்தால் அரைப்பேர். அந்தப் பணத்தில் வேலைக்கான சாமானையும் நாமே வாங்குவதா? நம் முன்னோருக்குக் கம்பளியைக் கொடுத்துவிட்டுப் பற்றில் எழுதினார்கள். அந்தக் கடனைத் துண்டில் எழுதித்தான் ஆளைத் தோட்டம் மாற்றினார்கள். 1921இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. நமக்குத் துண்டு என்றால் துணி. அவர்களுக்கு அது கழுத்தில் கட்டிய கடன்.

ஆகவே வீட்டுக்குத் தைப்போம். பிள்ளைக்குத் தைப்போம். வேலைக்கு வேண்டிய படங்கை மட்டும் தைத்து மறைக்க வேண்டாம். கிழிந்ததைக் கிழிந்தபடியே அடுத்த பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோவோம்.

வருகிற ஞாயிறு பின்னேரம் பிள்ளைக்காம்பராவில் கூடுவோம். கத்தரிக்கோல், ஊசி, வெள்ளை நூல், வெளுத்த பருத்தித் துணி கொண்டுவாருங்கள். தையல் மெசின் வைத்திருக்கும் இரண்டு அக்காமார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய பெண்பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். மருந்து அடித்த சட்டையை மட்டும் கொண்டுவர வேண்டாம்.