லயத்துக் கோடியில் பழுக்கும் ஜாம்
(றொசல்லயில் தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையில் இருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நம்ம லயத்துக் கோடியில் கொய்யா பழுத்துக் கொட்டுது. கான் ஓரத்தில் மரத்தக்காளி தொங்குது. கிளியும் வௌவாலும் தின்றது போக மிச்சம் மண்ணோடு மண்ணாகப் போகுது. ஆனால் சம்பளத்தன்று கடைக்குப் போய் ஜாம் போத்தல் வாங்குகிறோம்.

ஜாம் துரைமார் சாப்பாடு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் சாதாரண சனங்கள் வேலியோர முள்ளுச்செடியில் சும்மா கிடைக்கும் பழத்தைப் பறித்துத்தான் காய்ச்சுவார்கள். குளிர்காலத்துக்கு வைத்துச் சாப்பிட அது ஒரு வழி. நமக்கு அந்தக் குளிர்காலம் இல்லை, மழைதான் இருக்கு.

முதலில் பறிக்கிற இடத்தைப் பாருங்கள். புல்லுக்கு மருந்து அடித்த மலையோரத்துப் பழம் வேண்டாம். எப்போது அடித்தது என்று கங்காணியிடம் கேளுங்கள். கழுவினால் போய்விடும் என்று நம்பக் கூடாது. முள்ளுச்செடியில் வரும் சிவப்புப் பழத்தைப் பிள்ளைகள் கொண்டு வந்தால், பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பழமாக இருந்தால் மட்டும் சட்டியில் போடுங்கள். உண்ணிச்செடியின் பச்சைக் காய் உடம்புக்கு ஆகாது. பெயர் தெரியாத பழத்தைத் தின்று பார்க்கிற வேலையே வேண்டாம்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கொய்யாதான் நல்லது. ஜாமை இறுக வைக்கிற பெக்டின் என்ற பசை அதில் இயற்கையாகவே நிறைய இருக்கு. முழுக்கக் கனிந்த பழத்தைவிடச் செங்காயில் அது அதிகம். அதனால் நாலு பழத்துக்கு ஒரு செங்காய் சேருங்கள். கழுவி, வெட்டி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு மசிய அவித்து, அரிதட்டில் தேய்த்து விதையை எடுத்துவிடுங்கள். மரத்தக்காளி என்றால் சுடுதண்ணீர் ஊற்றித் தோலை உரிக்கணும், தோல் கசக்கும். பேயர்ஸ் பழம் தனியாக நன்றாக இறுகாது, கொய்யாவோடு கலக்கலாம்.

ஒரு கிலோ கூழுக்கு முக்கால் கிலோ சீனி, இரண்டு தேசிக்காய்ச் சாறு. இதில் ஏறக்குறைய மூன்று சின்னப் போத்தல் வரும். 2022 இல் சீனி விலை ஏறின நேரம் பலர் சீனியைப் பாதியாகக் குறைத்தார்கள். பணத்தை மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை, அம்மா. சீனிதான் பழத்தைக் கெடாமல் காக்குது. கையில் சீனி குறைவு என்றால் அரைக் கிலோ பழத்தை மட்டும் காய்ச்சுங்கள்.

புத்தகங்களில் 105 பாகைச் சூடு வரும்வரை காய்ச்சு என்று எழுதியிருக்கும். அது கடற்கரைக் கணக்கு. ஹற்றன் பக்கம் 1,200 மீற்றருக்கு மேல் உயரம். இங்கே தண்ணீர் 96 பாகையிலேயே கொதிக்கும். ஜாமும் 100, 101 இலேயே பதம் வந்துவிடும். 105 வரை விட்டால் கரண்டி போகாத டொபிதான் கிடைக்கும். நமக்குக் கருவி தேவையில்லை. பீங்கான் கோப்பையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துத் துடைத்து, ஒரு சொட்டு ஜாம் விடுங்கள். ஆறியதும் விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழணும். பார்க்கும்போது சட்டியை அடுப்பில் இருந்து இறக்கி வையுங்கள்.

கொதிக்கிற ஜாம் தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், கொதிதண்ணீரைவிட மோசம். ஒரே காம்பராவில் அடுப்பும் பிள்ளைகளும் இருக்கிற வீடுகள் நம்முடையவை. காய்ச்சும் நேரம் பிள்ளையை யாராவது வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

போத்தலையும் மூடியையும் தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, காய்ந்ததும் சூட்டோடு நிரப்பி உடனே மூடணும். அலுமினியச் சட்டியில் ஜாமை ஆற விடாதீர்கள், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். ஈரக் கரண்டி போட்டால் நம்ம மழைக்குப் பூஞ்சணம் நிச்சயம். பூத்ததைச் சுரண்டிவிட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கு. வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று. ஜாம் சத்துணவு என்று நான் சொல்ல வரவில்லை. கொய்யாவில் இருக்கும் விற்றமின் சீயில் ஒரு பகுதி கொதிக்கும்போதே போய்விடும். பிள்ளைகள் முதலில் பச்சையாகப் பழம் தின்னட்டும், மீந்தது சட்டிக்கு. சீனி வருத்தம் உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

விற்கலாமா என்று போன கூட்டத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். விற்கலாம். ஆனால் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் காய்ச்சி விற்பதற்கும் பொருந்தும். முதலில் பி.எச்.ஐ. ஐயாவிடம் கேட்போம், நானும் கூட வருகிறேன். அதுவரை காய்ச்சுகிறவர்கள் ஒவ்வொரு போத்தலிலும் காய்ச்சின திகதியை எழுதி ஒட்டி, அடுத்த கூட்டத்துக்கு ஒன்றைக் கொண்டு வாருங்கள். ரொட்டி நான் கொண்டு வருகிறேன்.