மினமாட்டாவின் கழிவுநீர்

பெருங் கம்பனியொன்று தன் கழிவைத் தானே ஆராய்ந்து தானே தீர்ப்புங் கூறினால் என்ன நேரும் என்பதை அறிய, யப்பானின் மினமாட்டா நகரை நோக்கலாம்.

அங்கே சிசோ கம்பனியின் இரசாயனத் தொழிற்சாலை, அசெற்றல்டிகைட்டு உற்பத்தியிற் பாதரசத்தை ஊக்கியாகக் கையாண்டு, அதன் கழிவை 1932 முதல் கடலில் விட்டது. நஞ்சு மீன்களின் உடலிற் செறிந்தது. அம்மீனை உண்ட பூனைகள் வெறிகொண்டு சுழன்று மடிந்தன. மீனவர் குடும்பங்களிற் கைகால்கள் நடுங்கின, நாக்குழறிற்று. 1956இல் இந்நோயைச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தவர், கம்பனி மருத்துவமனையின் தலைவரான ஹொசோகாவா என்னும் வைத்தியரே.

1959இல் அவர் ஆலைக் கழிவை உணவிற் கலந்து பூனையொன்றுக்கு ஊட்டினார். அதற்கும் அந்நோயே கண்டது. கம்பனி அம்முடிவை மறைத்தது. அவ்வாண்டு டிசெம்பரிற் சுத்திகரிப்பு இயந்திரமொன்று விழாவெடுத்துத் திறக்கப்பட்டது. அதிற் சுத்தமான நீரென்று சொல்லி, கம்பனித் தலைவர் ஒரு குவளை நீரைப் பருகியுங் காட்டினார். நல்ல காட்சிதான்! பாதரசத்தை அகற்றுவதற்கென அவ்வியந்திரம் அமைக்கப்படவேயில்லை.

கழிவு 1968 வரை கடலிற் கலந்தது. 1970இல் ஹொசோகாவா, அப்பூனையின் கதையை நோய்ப்படுக்கையிலிருந்தே சாட்சியமாகக் கூறினார். 1973இல் நீதிமன்றம் நட்டஈட்டுப் பொறுப்பைக் கம்பனிமேற் சுமத்தியது.